பட்டறையிலிருந்து திரும்பிய வண்டியும் சூடேறாத ஹீட்டரும்

ரேடியேட்டரோ வாட்டர் பம்ப்போ மாற்றிக்கொண்டு பட்டறையிலிருந்து வண்டி வீடு வந்து சேர்கிறது. ஓட்டம் சரியாக இருக்கிறது. கீழே ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஆனால் ஹீட்டர் குமிழைச் சிவப்புக் கோட்டின் எல்லைவரை திருப்பிய பிறகும் டேஷ்போர்டிலிருந்து வருவது வெளியே இருக்கும் அதே குளிர்காற்றுதான். கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் வட ஐரோப்பாவிலும் குளிர்காலம் பிறந்ததும் பட்டறைகளுக்கு வரும் புகார்களில் இது மிகப் பழையது. “ஹீட்டரைக் கெடுத்துவிட்டீர்கள்” என்கிறார் வண்டிக்காரர். “நான் ஹீட்டர் பக்கமே போகவில்லையே” என்கிறார் மெக்கானிக். இருவர் பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. மெக்கானிக் ஹீட்டரைத் தொடவில்லை. ஹீட்டருக்குப் போகும் தண்ணீரைத் தொட்டிருக்கிறார்.

இதற்குக் காரணங்கள் என்னவென்று கேட்டால் எல்லோரும் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள்: காற்று அடைப்பு, தெர்மோஸ்டாட், பம்ப், ஹீட்டர் கோர், உள்ளே இருக்கும் கதவு. பட்டியலில் தவறில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பாகம் பாகமாக மாற்றிப் பார்ப்பதில்தான் பணம் கரைகிறது. தானாக வந்த கோளாறில் கிடைக்காத ஒரு துப்பு, பழுது பார்த்த பின் வரும் கோளாறில் உண்டு. கடைசியாக வண்டியில் எந்த இடத்தில் கை பட்டது என்பது தெரியும். அங்கிருந்து தேடத் தொடங்கினால் பெரும்பாலும் ஒரு பாகமும் வாங்காமலே வேலை முடியும். இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. ஹீட்டர் குளிர்வதை வசதிக் குறைவாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் குறைந்திருந்தால் அது பல வண்டிகளில் முதலில் தெரியவருவது ஹீட்டரில்தான். வெப்ப முள் அசைவதற்கு முன்பே அது சொல்லிவிடும்.

ஏன் அப்படி என்பதற்கு ஹீட்டரின் அமைப்பைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் எஞ்சின் வேலையாக மாற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். மீதி, எஞ்சின் உலோகத்தில் ஏறி அதைச் சுற்றி ஓடும் கூலண்டுக்கு, பேச்சில் ‘தண்ணீர்’ என்கிற குளிர்விப்புத் திரவத்துக்குப் போகிறது. அந்த வீண் சூட்டில் ஒரு சிறு பகுதியைக் கடன் வாங்குவதுதான் ஹீட்டர். எஞ்சினிலிருந்து கட்டைவிரல் பருமனுள்ள ஒரு ஹோஸ், எஞ்சின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டைத் தாண்டி டேஷ்போர்டுக்குள் போகும். அங்கே ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. அதன் வழியாக ஓடிய கூலண்ட் இன்னொரு ஹோஸில் திரும்பி வாட்டர் பம்ப்புக்கு வந்து சேரும். கோர் மேல் காற்றை ஊதுவது புளோவர். எவ்வளவு காற்று கோரின் வழியாகப் போக வேண்டும், எவ்வளவு ஒதுங்கிப் போக வேண்டும் என்று பிரிப்பது பிளெண்ட் டோர் என்ற சின்னக் கதவு. சில வண்டிகளில் ஹோஸின் நடுவே ஒரு வால்வும் உண்டு. இவ்வளவுதான்.

சூட்டை உண்டாக்கும் உறுப்பு எதுவும் இதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வந்த சூட்டை வாங்கிக் கொடுப்பது மட்டுமே இதன் வேலை. கோர் பல வண்டிகளில் கூலண்ட் ஓடும் பாதையின் உயரமான இடங்களில் ஒன்றாகவும், மெல்லிய குழாய்களால் ஆனதாகவும் இருப்பதால், கூலண்டின் அளவு, ஓட்டம், சூடு, சுத்தம் எதில் குறை வந்தாலும் அங்கேதான் முதலில் தெரிகிறது.

கார் ஹீட்டரின் வரலாற்றைத் தேடுபவர்கள் ஒரு பெயரில் தடுக்கி விழுவார்கள். சிகாகோவைச் சேர்ந்த மார்கரெட் வில்காக்ஸ் 1893இல் ஒரு ஹீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். கார் ஹீட்டரைக் கண்டுபிடித்தவர் என்று அவரைப் பல இடங்களில் எழுதிவைத்திருக்கிறார்கள். அவர் சூடேற்ற நினைத்தது ரயில் பெட்டியை. காருக்கு வெகுகாலம் கம்பளிப் போர்வைதான் ஹீட்டர். வெளிக்காற்றை உள்ளே இழுத்து, கூலண்ட் சூட்டில் காய்ச்சி, அறை முழுக்கப் பரப்பும் இன்றைய முறைக்கு முன்னோடி என்று அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938இல் கொண்டுவந்து, பிறகு ‘வெதர் ஐ’ என்று பெயர் பெற்ற அமைப்பைச் சொல்லலாம். தண்ணீரே இல்லாத பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் வழி வேறு. எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றி வைத்த பெட்டிகளில் காற்றை விட்டுச் சூடாக்கினார்கள். சைலன்சர் வேலை பார்த்துவிட்டு அந்தப் பெட்டியின் கேபிளை மாட்ட மறந்தால் ஹீட்டர் போய்விடும். பெட்டியில் துரு ஏறி ஓட்டை விழுந்தால் சூட்டோடு கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரும். அந்த வண்டியில் ஹீட்டர் வேலை செய்வதும் ஒரு கவலைதான்.

தண்ணீர் ஓடும் வண்டிகளுக்கு வருவோம். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், டைமிங் பெல்ட், ஹெட் கேஸ்கெட், ஏதாவது ஒரு ஹோஸ் என்று எதை மாற்றினாலும் பெரும்பாலும் கூலண்டை இறக்கியாக வேண்டும். இறங்கிய இடத்தில் காற்று ஏறிக்கொள்ளும். திரும்ப ஊற்றும்போது, மூடியிருக்கும் தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னாலும் உயரத்தில் இருக்கும் ஹீட்டர் கோரிலும் காற்று சிக்கிக்கொள்கிறது. ரேடியேட்டர் வாய்வரை நிரம்பிவிட்டது போலத் தெரியும். உள்ளே இரண்டு லிட்டர் காலியாக இருக்கும். கிணற்று மோட்டாரில் காற்று பிடித்துக்கொண்டால் எவ்வளவு நேரம் ஓடினாலும் தண்ணீர் ஏறாது அல்லவா, காரின் வாட்டர் பம்ப்பும் அதே இனம்தான். சுழலும் இறக்கைக்குத் தண்ணீரைத் தள்ளத் தெரியும், காற்றைத் தள்ளத் தெரியாது.

காற்று அடைப்புக்கு மூன்று அடையாளங்கள். வண்டியைக் கிளப்பும்போதும் வேகம் கூட்டும்போதும் டேஷ்போர்டுக்குள் தண்ணீர் களகளவென்று ஓடும் சத்தம் கேட்கும். நெடுஞ்சாலையில் ஓரளவு சூடு வரும், சிக்னலில் நின்றதும் குளிர்ந்துவிடும். எஞ்சின் சுற்று கூடும்போது பம்ப் முட்டித்தள்ளி ஓட்டத்தை உண்டாக்குகிறது, சுற்று குறைந்ததும் ஓட்டம் அறுந்துபோகிறது. மூன்றாவது, வெப்ப முள் காரணமில்லாமல் ஏறி இறங்கும். இந்த மூன்றாவதை நம்பிக் காத்திருப்பது ஆபத்து. வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலண்டில் முங்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். அது காற்றுக் குமிழியில் மாட்டிக்கொண்டால் எஞ்சின் ஹெட் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் முள் சாதுவாக நிற்கும். அதோடு, இன்றைய வண்டிகள் பலவற்றில் முள் ஒரு பெரிய வெப்ப வீச்சு முழுவதும் நடுவிலேயே அசையாமல் நிற்குமாறு அமைத்திருக்கிறார்கள், ஓட்டுபவர் பதறக் கூடாது என்பதற்காக. ஆகவே கூலண்ட் வேலை நடந்த வண்டியில் ஹீட்டர் திடீரென்று குளிர்ந்தால், முள் எங்கே நின்றாலும் சரி, ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, கூலண்ட் அளவைப் பார்ப்பதுதான் புத்தி.

இங்கே ஒரே ஒரு கணக்கு பாதி விசாரணையை முடித்துவிடும். “எத்தனை லிட்டர் இறங்கிச்சு, எத்தனை லிட்டர் ஊத்தினீங்க?” சாதாரணக் கார் ஒன்றின் மொத்தக் கூலண்ட் கொள்ளளவு பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து லிட்டருக்குள் இருக்கும், வண்டியின் கையேட்டில் சரியான எண் போட்டிருக்கும். ஆறு லிட்டர் இறங்கி நாலுதான் ஏறியது என்றால் மீதி இரண்டு லிட்டர் இடத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் துப்பறிய வேண்டியதில்லை. வேலை தெரிந்தவர்கள் இறங்கிய கூலண்டை அளவுள்ள பாத்திரத்தில் பிடிப்பார்கள்.

காற்றை வெளியேற்றும் வழி எளிது, பொறுமைதான் வேண்டும். ஆறிய வண்டியின் முன்பக்கத்தைச் சரிவிலோ ராம்ப்பிலோ ஏற்றி, ரேடியேட்டர் வாய் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும்படி நிறுத்துவார்கள். வாயில் ஒரு பெரிய புனலைப் பொருத்தி அதில் கொஞ்சம் கூலண்ட் நிற்கும்படி ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிட வேண்டும். தெர்மோஸ்டாட் திறக்கும்வரை காத்திருந்தால் மேல் ஹோஸ் சுடத் தொடங்கும், குமிழிகள் புனலில் கொப்பளித்து வரும். ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் இன்னும் வரும். குமிழி நிற்கும்வரை நிறுத்தக் கூடாது. பட்டறைக்கு அவசரம் இருக்கும் நாளில் கைவிடப்படுவது இந்தக் கடைசிக் கால் மணி நேரம்தான்; மறுநாள் வரும் புகார்களில் கணிசமானவை அங்கே பிறக்கின்றன என்பது என் எண்ணம். நல்ல பட்டறைகளில் இதற்கு வேக்குவம் கருவி வைத்திருக்கிறார்கள். முதலில் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த வெற்றிடமே கூலண்டை இழுத்துக்கொள்ளும்படி விடுவது. உறிஞ்சிய நிலையில் அளவுமானியின் முள் நிற்காமல் இறங்கினால் ஒழுக்கு இருக்கிறது என்றும் அதே கருவி சொல்லிவிடும்.

ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் குணம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. சுபாரு வண்டிகள் பலவற்றில் காற்றை வெளியேற்ற ரேடியேட்டரின் மேல் மூலையில் தனித் திருகு இருக்கிறது. அதைத் திறக்காமல் ஊற்றினால் காற்று போகாது. மின்சார வாட்டர் பம்ப் வைத்த பிஎம்டபிள்யூ எஞ்சின்களில் சாவியைப் போட்டு, எஞ்சினைக் கிளப்பாமல், ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோவரைக் குறைந்த வேகத்திலும் வைத்து, ஆக்ஸிலரேட்டரைப் பத்து விநாடி அமுக்கிப் பிடித்தால் பம்ப் தானாகச் சுமார் 12 நிமிடம் ஓடிக் காற்றைத் தள்ளும். இது தெரியாதவர் எவ்வளவு நேரம் எஞ்சினை ஓட்டினாலும் வீண். டொயோட்டா பிரியஸ் போன்ற ஹைப்ரிட்டுகளில் எஞ்சின் நினைத்தபோது நின்றுவிடுவதால், அதைப் பராமரிப்பு முறைக்கு மாற்றித் தொடர்ந்து ஓடவைக்க வேண்டும். கிராண்ட் கேரவன், சியன்னா போன்ற குடும்ப வேன்களில் பின்னிருக்கைக்காரர்களுக்கு இரண்டாவது ஹீட்டர் இருக்கும். அதற்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய் வண்டியின் அடிவயிற்றில் நீளமாக ஓடுகிறது. முன் ஹீட்டரை மட்டும் போட்டுக் காற்றை எடுத்தால் பின்பக்கக் காற்று நகர்ந்து இரண்டு நாளில் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் இந்தக் குழாய்கள் துருப்பிடித்து ஒழுகுவதும் வாடிக்கை.

சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். பாதிக்குப் பாதி கலவையும் நல்ல மூடியும் இருந்தால் ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸ்வரை தாங்கும். மூடி திறந்த கணத்தில் அழுத்தம் போய், அது நீராவியாக முகத்தில் பீய்ச்சும். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. தரையில் சிந்தியதை நாய் பூனை நக்கிக் குடித்தால் சிறுநீரகம் போய்விடும்.

காற்றை எடுத்த பிறகும் குளிர்கிறதா, அல்லது கூலண்ட் வேலையே நடக்கவில்லையா? அப்போது கையை எங்கே வைப்பது? ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களில். இந்த ஒரு சோதனைக்குச் செலவு கிடையாது, ஆனாலும் பத்தில் ஒன்பது பேர் இதைச் செய்யாமல் அடுத்த பாகத்தை வாங்கப் போகிறார்கள் என்று ஒரு மெக்கானிக் கோபித்துக்கொண்டால் நான் அவர் பக்கம்தான். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்ததும் இரண்டு ஹோஸையும் எச்சரிக்கையாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். தூரத்திலிருந்தே அளக்கும் வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் நன்றாகச் சுட்டால் தண்ணீர்ப் பக்கம் குற்றமற்றது. கோளாறு டேஷ்போர்டுக்குள், காற்றுப் பக்கத்தில். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் தண்ணீர் கோருக்குள் நுழைகிறது, கடந்து வரவில்லை: அடைப்பு, காற்று, அல்லது திறக்காத வால்வு. இரண்டும் வெதுவெதுப்பாகவோ குளிராகவோ இருந்தால் சூடான தண்ணீர் அங்கே வந்தே சேரவில்லை.

இந்த மூன்றாவது நிலையில் முதல் சந்தேகம் கூலண்ட் குறைவு, அடுத்தது தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட்டின் உள்ளே இருக்கும் மெழுகு, வண்டியைப் பொறுத்து 82இலிருந்து 95 டிகிரிக்குள் உருகி விரிந்து வழியைத் திறக்கும். அதற்குமுன் ரேடியேட்டருக்குப் போகும் பாதை மூடியிருப்பதால்தான் எஞ்சின் சீக்கிரம் சூடாகிறது. திறந்தபடியே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட், குளிர்நாட்டுச் சாலையில் முழு ரேடியேட்டரையும் எப்போதும் வேலை வாங்கும். எஞ்சின் சூடேறாது, ஹீட்டர் வெதுவெதுப்பைத் தாண்டாது. பி0128 என்ற பிழைக் குறியீடு வண்டியின் கணினியில் பதிவாவது பெரும்பாலும் இதனால்தான். புதிதாகப் போட்ட தெர்மோஸ்டாட்டிலும் தவறு நேரலாம்: தலைகீழாக மாட்டுவது, வேறு வெப்பநிலைக்கானதை மாட்டுவது, காற்று வெளியேறுவதற்கென்று அதன் விளிம்பில் இருக்கும் சின்ன அசையும் ஊசியை மேலே வராமல் கீழே வைப்பது.

தமிழர்களுக்கு இதில் ஒரு தனிக் கதையும் இருக்கிறது. வண்டி சூடாகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பழைய பட்டறைப் பழக்கம். சென்னை வெயிலில் அதனால் வரும் கெடுதல் உடனே தெரியாது. எஞ்சின் சூடேறத் தாமதமாகும், பெட்ரோல் கொஞ்சம் கூடும், தேய்மானம் கூடும், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அதே வைத்தியத்தைக் கனடாவின் ஸ்கார்பரோவிலோ மார்க்கம் நகரிலோ ஜனவரியில் செய்தால் அன்று மாலையே வண்டிக்காரர் நடுங்கிக்கொண்டு திரும்பி வருவார். வெறும் தண்ணீர் ஊற்றும் பழக்கமும் அப்படியே. தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. எஞ்சின் பிளாக்கைப் பிளக்க அது போதும். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. அதற்காக முழுக்கக் கூலண்டையே ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைப்பவர்களும் உண்டு. கலக்காத எத்திலீன் கிளைக்கால் சுமார் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும், சூட்டையும் தண்ணீர் அளவுக்குச் சுமக்காது.

வாட்டர் பம்ப்பை நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. புதுப் பம்ப்பே தவறானதாக இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்தால் போதும். செவர்லேயின் புகழ்பெற்ற ஸ்மால் பிளாக் எஞ்சினுக்கு இரண்டு திசைகளில் சுழலும் பம்ப்புகளும் கிடைக்கின்றன, பெல்ட் ஓடும் வழியைப் பொறுத்து. பார்க்க ஒன்றுபோல இருக்கும். மாற்றி மாட்டினால் ஓட்டம் படுத்துவிடும். ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகள் சிலவற்றில் பிளாஸ்டிக் இறக்கை தண்டிலிருந்து கழன்று வழுக்கும். வெளியே பெல்ட் சுற்றும், உள்ளே ஒன்றும் நகராது.

ஒரு ஹோஸ் மட்டும் சுடும் நிலைதான் அதிகம் தடுமாறவைப்பது. காற்று இல்லை என்று உறுதியானால், முதலில் மறதிகளைத் தேட வேண்டும். வேலையின்போது கூலண்ட் ஒழுகாமலிருக்க ஹோஸை நசுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பை எடுக்காமல் விடுவது நடக்கிறது. புது ஹோஸ் மடிந்து கிடப்பது நடக்கிறது. கேபிளிலோ வேக்குவத்திலோ இயங்கும் வால்வின் இணைப்பு கழன்றபடி விடப்படுவதும் நடக்கிறது. பழைய வண்டியை வாங்கியவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி உண்டு. ஒழுகும் கோரை மாற்றச் செலவு செய்ய மனமில்லாமல் முந்தைய உரிமையாளர் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கோரையே ஒதுக்கிவைத்திருப்பார்.

இவை எதுவும் இல்லையென்றால் கோர் அடைத்திருக்கிறது. இங்கே பழுதுபார்ப்புக்கும் கோளாறுக்கும் உள்ள உறவு கொஞ்சம் நுணுக்கமானது. ஒழுக்கை அடைக்கும் மருந்து என்று ரேடியேட்டரில் ஊற்றும் பொடியும் திரவமும் ஒழுக்கை மட்டும் தேடிப் போவதில்லை. மெல்லிய குழாய் எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் படியும். கோரின் குழாய்கள்தான் இருப்பதிலேயே மெல்லியவை. மலிவாக முடிந்த ஒழுக்கு வேலைக்குப் பிறகு ஹீட்டர் போனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: உள்ளே ஏதாவது ஊற்றினார்களா? கூலண்ட் இனங்களைக் கலப்பதும் சேறாக முடியலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1990களின் நடுவில் கொண்டுவந்த ஆரஞ்சு நிற டெக்ஸ்கூல், காற்றுப் பட்ட வண்டிகளில் பழுப்புச் சேறாக மாறியது என்ற புகார் அமெரிக்காவில் வழக்குவரை போய் இழப்பீட்டில் முடிந்தது. நிறத்தைப் பார்த்து இனத்தை முடிவு செய்வதும் தவறு; எந்த நிறத்திலும் எந்த இனமும் கடையில் கிடைக்கிறது. பாதி அடைத்த கோர் சில வண்டிகளில் விசித்திரமாக நடந்துகொள்ளும். ஓட்டுநர் பக்கம் குளிர், பக்கத்து இருக்கையில் சூடு. ஜீப் ராங்லர் ஓட்டுபவர்களுக்கு இது மிகவும் பழக்கமான அறிகுறி.

அடைத்த கோரை மாற்றுவதற்கு முன் கழுவிப் பார்க்க வேண்டும். இரண்டு ஹோஸையும் கழற்றி, கூலண்ட் வழக்கமாகப் போகும் திசைக்கு எதிர்த்திசையில் தண்ணீரை மெதுவான அழுத்தத்தில் விட்டால் சேறு வரும். திசையை மாற்றி மாற்றி, தெளிந்த தண்ணீர் வரும்வரை. குழாயை முழு வேகத்தில் திறந்தால் பழைய கோர் உள்ளுக்குள் கிழிந்து முன்னிருக்கையின் கால் விரிப்பு நனைந்துவிடும். கோர் மாற்றும் வேலையில் பாகம் மலிவு, கூலி கடுமை. பல வண்டிகளில் டேஷ்போர்டு முழுவதையும் இறக்கினால்தான் கை எட்டும்; ஒரு முழு வேலைநாள் போய்விடும். ஹோஸைத் தொட்டுப் பார்க்காத அவசரத்துக்கு இவ்வளவு விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் மோசமான நிலை ஒன்று இருக்கிறது. காற்றை எடுத்தால் ஹீட்டர் இரண்டு நாள் நன்றாக வேலை செய்யும். மூன்றாம் நாள் மறுபடி களகள, மறுபடி குளிர். மறுபடி எடுத்தால் மறுபடி வருகிறது. வெளியிலிருந்து ஏறிய காற்று ஒருமுறைதான் இருக்கும். வெளியே ஒழுக்கும் இல்லாமல் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் பெரும்பாலும் எஞ்சினே அதை உற்பத்தி செய்கிறது. ஹெட் கேஸ்கெட் விட்டுப்போய், எரிந்த வாயு சிலிண்டரிலிருந்து கூலண்டுக்குள் கசிகிறது. இப்படிப்பட்ட வண்டியில் முதலில் நடந்த ‘பழுதுபார்ப்பை’யும் திரும்பிப் பார்க்க வேண்டும். சூடாகிறது என்று ரேடியேட்டரை மாற்றினார்கள், பிறகு பம்ப்பை மாற்றினார்கள், இப்போது ஹீட்டர் போய்விட்டது என்று வருபவரின் வண்டிக்கு வந்தது மூன்று நோயல்ல. முதல் நாளிலிருந்தே ஒன்றுதான். அல்லது முதல் ஒழுக்கோடு ஓட்டியதில் கேஸ்கெட் வெந்திருக்கிறது. இதை உறுதி செய்ய ரசாயனச் சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் வாயிலிருக்கும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியாக உறிஞ்சுவார்கள். எரிந்த வாயுவின் கரியமில வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகிவிடும். காலையில் வெள்ளைப் புகை, ஒழுக்கே இல்லாமல் குறையும் கூலண்ட், அணைத்து ஆறிய பிறகும் கல்லாக இறுகியிருக்கும் மேல் ஹோஸ் ஆகியவையும் கூடச் சாட்சி சொல்லும். இந்தச் சந்தேகம் வந்த பிறகு, ஹீட்டர் இல்லாவிட்டால் பரவாயில்லை, கோட் போட்டுக்கொண்டு ஓட்டலாம் என்பது எஞ்சினைக் கொல்லும் முடிவு.

இரண்டு ஹோஸும் சுடுகின்றன, ஆனாலும் காற்று குளிர்கிறது என்பவர்களின் பாடு இதைவிட லேசானது. பேட்டரி மாற்றியிருப்பார்கள், ஸ்டீரியோ போட்டிருப்பார்கள், டேஷ்போர்டைப் பிரித்திருப்பார்கள். பிளெண்ட் டோரைத் திருப்பும் சின்ன மோட்டார், பேட்டரியைக் கழற்றியதும் தன் இரண்டு எல்லைகளையும் மறந்துபோவது உண்டு. பல வண்டிகளில் அதற்குரிய ஃபியூஸைக் கழற்றிச் சற்று நேரம் கழித்து மாட்டிச் சாவியைப் போட்டால், மோட்டார் கதவை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் திருப்பித் தானே கற்றுக்கொள்ளும். அப்போது டக்டக்கென்று சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தால் அதன் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கிறது. வேக்குவத்தில் இயங்கும் பழைய அமெரிக்க வண்டிகளில் ஒரு சிறு ரப்பர் குழாய் கழன்றாலே காற்று முழுவதும் முன்கண்ணாடிக்குப் போய்விடும். எது கெட்டாலும் கண்ணாடிக்குக் காற்று போக வேண்டும் என்ற பாதுகாப்பு யோசனையில் அப்படி வடிவமைத்தார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 103 என்ற எண்ணுள்ள வாகனப் பாதுகாப்பு விதி, கண்ணாடியின் பனியை நீக்கும் அமைப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஹீட்டர் கெட்டால் விரல் விறைப்பதோடு முடிவதில்லை, வழியே தெரியாமல் போகும் என்பதுதான் காரணம்.

மின்சாரக் கார்கள் வந்தால் இந்தத் தொல்லை ஓய்ந்தது என்று நினைத்தவர்களும் உண்டு. கூலண்டில் கடன் வாங்க வீண் சூடு அதிகம் இல்லாததால் அவற்றில் மின்சுருளோ ஹீட் பம்ப்போ வைக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 27,000 வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. ஹீட் பம்ப்பின் ஒரு வால்வு மென்பொருள் பிழையால் திறந்துகொண்டு, கண்ணாடிப் பனியை நீக்கும் அளவுக்குச் சூடு வராமல் போகலாம் என்பது குறை. அதற்கான மருந்தும் மென்பொருளாகவே அனுப்பப்பட்டது. இந்த வண்டிகளில் பட்டறைக்கே போகாமல் இரவோடு இரவாக ‘வேலை’ நடக்கிறது. கடைசியாகக் கை பட்ட இடம் எது என்ற கேள்விக்குப் பதில், எந்த நாளில் எந்த மென்பொருள் ஏறியது என்பதாக இருக்கக்கூடும்.

கடைசியாக, பணம் யார் கொடுப்பது என்ற வழக்கு. முதலில் காலத்தைப் பார்க்க வேண்டும். ஜூனில் ரேடியேட்டர் மாற்றி நவம்பரில் முதன்முறையாக ஹீட்டர் போட்டவர், அந்த வேலையால்தான் போயிற்று என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஏப்ரலிலேயே போயிருக்கலாம். காற்று அடைப்பு, எடுக்காத கிளாம்ப், தலைகீழ் தெர்மோஸ்டாட் எல்லாம் பட்டறையின் பொறுப்பு, கூலி வாங்காமல் சரிசெய்ய வேண்டும். ஏற்கெனவே சேறு படிந்திருந்த கோர் வண்டிக்காரர் பொறுப்பு. புதுக் கூலண்ட் போட்டதும் பழைய சேறு கிளம்பிக் கோரை அடைத்தது என்பது நடுவில் நிற்கும் வழக்கு. முன்கூட்டியே எச்சரித்திருந்தால் மெக்கானிக் பக்கம் நியாயம், வாய் திறக்காமல் இருந்திருந்தால் பாதிச் செலவையாவது அவர் ஏற்பதுதான் முறை. இந்தச் சண்டைகளில் பலவும் ரசீதில் இரண்டு வரி கூடுதலாக இருந்தால் எழவே எழாது: என்ன இனக் கூலண்ட், எத்தனை லிட்டர். ஹீட்டரைப் போட்டுப் பார்க்காமல் வண்டியை வாங்கிக்கொள்ள வேண்டாம், ஆகஸ்ட் மாத வெயிலாக இருந்தாலும்.